பந்து சுவரைத் துளைத்துப் போகிறதா? யூனிட்டியில் சரிசெய்வது எப்படி

கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவையே (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) கேமாகச் செய்வோம். நடுவில் முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், நான்கு பக்கமும் சுவர். மேலிருந்து பார்க்கும் ஆட்டம் என்பதால் கிராவிட்டி ஸ்கேல் (ஈர்ப்பு விசையின் அளவு) 0. விரலால் சுண்டினால் பந்து தூணில் பட்டுத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பலரும் பவுன்சினஸ் (துள்ளும் அளவு) எண்ணைத்தான் திருகுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

படி 1: அடிப்படை. பந்துக்கு ரிஜிட்பாடி 2டி (இயற்பியல் விதிப்படி நகர வைப்பது), சர்க்கிள் கொலைடர் 2டி (மோதலுக்கான வட்ட எல்லை) இரண்டும் வேண்டும். பிசிக்ஸ் மெட்டீரியல் 2டி ஒன்று உருவாக்கி, பவுன்சினஸ் 1, ஃபிரிக்‌ஷன் (உராய்வு) 0 என்று வைத்துப் பந்தின் கொலைடரில் போடுங்கள். பந்தை டிரான்ஸ்ஃபார்ம் பொசிஷன் வழியாக (இடத்தை நேரடியாக மாற்றி) நகர்த்தாதீர்கள். வேகம் கொடுத்தோ விசை கொடுத்தோதான் ஓடவிட வேண்டும்.

படி 2: சுவரைத் துளைப்பது. யூனிட்டி இயற்பியலைத் தொடர்ச்சியாகக் கணக்கிடுவதில்லை, 0.02 வினாடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. பந்து வினாடிக்கு 30 அலகு ஓடினால் ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் 0.6 அலகு தாண்டிவிடும். சுவரின் கனம் 0.2, பந்தும் சிறியது என்றால்? இந்தக் கணக்கில் பந்து சுவருக்கு இப்பால், அடுத்ததில் அப்பால். மோதியதாகவே பதிவாகாது. ரிஜிட்பாடியில் கொலிஷன் டிடெக்‌ஷனை (மோதலைக் கண்டறியும் முறை) டிஸ்கிரீட்டிலிருந்து கன்டினியுவஸ் ஆக்குங்கள்; அப்போது இடைப்பட்ட பாதையும் பார்க்கப்படும். ஃபிக்ஸட் டைம்ஸ்டெப்பை (அந்த 0.02 வினாடி இடைவெளி) குறைத்தும் தப்பிக்கலாம், ஆனால் போனுக்கு வேலை கூடும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சுவரோடு ஒட்டுவது. புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். பந்தின் வேகம் 8, சுவரை 5 டிகிரி சாய்வில் உரசுகிறது என்று வைப்போம். சுவரை நோக்கிய வேகம் சுமார் 0.7தான். பிராஜெக்ட் செட்டிங்ஸில் பிசிக்ஸ் 2டி பகுதியில் வெலாசிட்டி த்ரெஷோல்டு (புதிய பதிப்புகளில் பவுன்ஸ் த்ரெஷோல்டு) 1 என்று இருக்கும். அதற்குக் கீழான மோதலில் துள்ளலே கிடையாது, பந்து சுவரோரமாக வழுக்கிப் போகும். எண்ணை 0.01 ஆக்கினால் சரி.

படி 4: காரணமில்லாமல் தடுக்கி எகிறுவது. சுவரை ஆத்தங்குடிக் கல் படம் போட்ட டைல்மேப்பாக (சிறு சதுரங்களின் அடுக்கு) அடுக்கியிருந்தால் இது வரும். கண்ணுக்கு நேர்ச்சுவர், இயற்பியலுக்கோ தனித்தனிப் பெட்டிகள், உரசும் பந்து இடுக்கில் மாட்டும். டைல்மேப் கொலைடருடன், பெட்டிகளை ஒரே எல்லையாக்கும் காம்போசிட் கொலைடர் 2டி சேர்த்து இரண்டையும் இணையுங்கள். கூடவே வரும் ரிஜிட்பாடியை ஸ்டாட்டிக் (அசையாதது) ஆக்க மறந்தால் பந்து இடிக்கும்போது வீடே நகரும்!

அப்புறம், போனில் பந்து விட்டுவிட்டு ஓடுவதுபோலத் தெரிந்தால் அது மோதல் பிரச்சினை அல்ல. திரை வினாடிக்கு 30 ஃபிரேமில், இயற்பியல் வினாடிக்கு 50 கணக்கில் ஓடுகிறது. பந்தின் ரிஜிட்பாடியில் இன்டர்பொலேட் (கணக்குகளுக்கு இடையே இடத்தைச் சீராகக் காட்டும் அமைப்பு) போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.