பிள்ளைக்கு 10 வயசா? ஈறைத் தடவிப் பாருங்க

மேல் உதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு (நடுவிலிருந்து மூணாவதா இருக்கிற கூரான பால் பல்) மேலே ஈறை விரலால் தடவிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரு சின்ன மேடு தட்டுப்படணும்; உள்ளே இறங்கி வர்ற நிரந்தரக் கோரைப்பல்தான் அது. ஒரு பக்கம் மட்டும் இல்லேன்னா பல் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துடுங்க.

நிரந்தர மேல் கோரைப்பல் பொதுவா 11, 12 வயசில் முளைக்கும். வழி தவறி எலும்புக்குள்ளேயே மாட்டிக்கிட்டா, பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அரிச்சிடலாம். பெரும்பாலும் வலியே இருக்காது, அதுதான் வம்பு. சிலருக்கு அந்த வெட்டுப்பல் ஆட ஆரம்பிச்ச பிறகுதான் விஷயமே தெரியவரும். சீக்கிரம் கண்டுபிடிச்சா, பால் கோரைப்பல்லைப் பிடுங்கினாலே பல சமயம் நிரந்தரப் பல் தானா பாதைக்கு வந்துடும். தாமதமானா ஈறைத் திறந்து, கம்பி போட்டு மாசக்கணக்கில் இழுக்கணும்.

13 வயசிலும் பால் கோரைப்பல் ஆடாம கெட்டியா நிக்குதேன்னு சந்தோஷப்படாதீங்க!