சாவி யார் கையில்? புதுக் காரில் ஜொகூர் கிளம்புகிறவர்களுக்கு

சாவி உள்ளே இருந்தாலே போதும், பொத்தானை அழுத்தினால் ஓடுகிற கார் முதன்முறையாக வாங்கியிருக்கிறீர்கள், வரும் வார இறுதியில் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் போகலாம் என்று இருக்கிறீர்கள் என்றால், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருகும் பழைய காரில் பல வருஷம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகப் போய் வந்தவன் நான். புதுக் காரில் போன முதல் பயணம் பாதியில் நின்றது.

நடந்தது இதுதான். வரிசையில் நிற்கும்போது கடப்பிதழ்களை எல்லாம் மனைவி எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார், இருக்கைகளுக்கு நடுவில் இருந்த சாவியும் அதோடு போய்விட்டது. இரண்டு சோதனைச்சாவடிகளையும் தாண்டியதும் அவரையும் மாமியாரையும் ஜொகூர் பாருவின் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிப் பக்கம் இறக்கிவிட்டு, நானும் பையனும் கூலாயில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினோம். கதவு சாத்தியதும் கார் பீப் பீப் என்றது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், ஏதோ பெல்ட் போடாத சத்தம் என்று நினைத்து ஓட்டிவிட்டேன். கூலாய்க்குக் கொஞ்சம் முன்னால் பையன் கழிப்பறை போக வேண்டும் என்றான், பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். திரும்பி வந்து அழுத்தினால், திரையில் சாவி இல்லை என்று வருகிறது. மனைவி வாடகைக் கார் பிடித்து வந்து சேரும்வரை, அந்த வெயிலில் பையனோடு ஒன்றரை மணி நேரம்.

இது காரின் கோளாறு இல்லை. இந்த வகைக் கார்கள் சாவி உள்ளே இருக்கிறதா என்று கிளப்பும்போது பார்க்கும், கதவைத் திறந்து மூடும்போது பார்க்கும். இல்லையென்றால் சத்தம் போடும், எழுத்தில் காட்டும், ஆனால் ஓடுகிற எஞ்சினை அணைக்காது. அணைக்கவும் கூடாது, வேகமாகப் போகும்போது சாவியின் பேட்டரி தீர்ந்துபோய் எஞ்சின் நின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் சாவி பல கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீங்களாக அணைக்கும் வரைக்கும்தான்.

வேறு எந்தப் பயணத்தையும் விட எல்லை தாண்டும்போதுதான் இது அதிகமாக நடக்கும். கடப்பிதழ் கை மாறுகிறது, பாதி வழியில் ஓட்டுநர் மாறுகிறார், அதிகாரி காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொல்கிறார், ஒருவர் மட்டும் எங்கேயோ இறங்குகிறார். சரி, என்ன செய்வது? எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு பழக்கம்: யார் ஓட்டுகிறாரோ அவருடைய பாக்கெட்டில்தான் சாவி. பையில் இல்லை, கப் வைக்கிற இடத்தில் இல்லை, பாக்கெட்டில். யாராவது இறங்கினால், கதவைச் சாத்துவதற்கு முன் "சாவி?" என்று ஓட்டுநர் கேட்க வேண்டும். எங்கேயும் எஞ்சினை அணைக்கும் முன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். நிற்கும்போது சத்தமே இருக்காது என்பதால், அணைந்துவிட்டது என்று நினைத்து அப்படியே இறங்கிப் போய்விடுகிறார்கள். டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்தால் கார் இன்னும் ஓட்டத்தில்தான் இருக்கிறது. அதேபோல், பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பாது, ரேடியோவும் விளக்கும் மட்டும் வரும். அந்த நிலையில் விட்டுவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் பேட்டரி இறங்கிவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள், வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்திலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். சாவியின் பேட்டரி செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரிமோட் சாவிகளுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவி எடுத்துப் பழகுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுக் கைப்பிடியில் சாவித் துவாரம் சில கார்களில் ஒரு மூடிக்குள் மறைந்திருக்கும், அதையும் கண்டுபிடியுங்கள். உள்ளே ஏறியபின், டொயோட்டா போன்ற கார்களில் பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியில் சின்னம் இருக்கும் பக்கத்தைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால், பேட்டரி இல்லாமலே கார் சாவியை அடையாளம் காணும், பிறகு அழுத்தினால் கிளம்பும். வேறு சிலவற்றில் சாவியை வைப்பதற்கென்று தனி இடம் உண்டு, கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். மாற்று பேட்டரி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல சாவிகளுக்குச் சிஆர்2032 என்ற காசு பேட்டரிதான், ஆனாலும் உங்களுடையதைத் திறந்து எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அந்த பேட்டரி குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது, விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

கைபேசியையே சாவியாக வைத்திருக்கும் மின்சாரக் கார்காரர்கள், கார் கொடுக்கும்போது தந்த அட்டைச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். புளூடூத்தில் திறப்பதற்கு இணையம் தேவையில்லை. ஆனால் செயலி வழியாக இணையத்தில் திறக்கிற ஆள் என்றால், எல்லைப் பாலம் தாண்டியதும் கைபேசி மலேசிய அலைவரிசைக்கு மாறிவிடும், ரோமிங் இல்லாவிட்டால் கதவு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

அப்புறம் புதுக் கார் என்பதால் வரும் மற்ற விஷயங்கள். வி.இ.பி., அதாவது வெளிநாட்டுக் கார் மலேசியாவுக்குள் நுழையும் அனுமதி, காருக்குத்தான், உங்களுக்கு இல்லை. பழைய காரின் வில்லையைப் பிய்த்துப் புதுக் காரில் ஒட்ட முடியாது, மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் புதிதாகப் பதிந்து வாங்க வேண்டும். கட்டணம் 10 ரிங்கிட்தான், ஆனால் 2025 ஜூலை 1 முதல் இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். வில்லையை ஒட்டிய பிறகு அது செயல்பாட்டுக்கு வந்துவிட்டதா என்று தளத்தில் பாருங்கள். டச் 'என் கோ என்ற மலேசியக் கட்டண அட்டையில் பணம் போட்டு வையுங்கள், உள்ளே நுழையும்போது 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் மட்டுமே போய்விடும். ஷோரூமிலிருந்து வரும் காரில் பெட்ரோல் கொஞ்சம்தான் இருக்கும். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது முக்கால் தொட்டி இருக்க வேண்டும் என்ற விதி புதுக் காருக்கும் உண்டு, மீறினால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். முழு மின்சாரக் காருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. சிங்கப்பூர் குடிநுழைவில் கடப்பிதழுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம், ஒரே குறியீட்டில் பத்துப் பேர் வரை சேர்க்கலாம். கடப்பிதழ் பைக்குள்ளேயே இருந்தால் சாவியும் அதோடு போகாது.

திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாவி பாக்கெட்டில் இருக்கும்போதே, இருவர் சேர்ந்து ஒரு கருவியால் அதன் அலையை இழுத்துக் காருக்குக் கடத்திவிட முடியும், கார் நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று நம்பித் திறந்துவிடும். அதனால் சாப்பாட்டுக் கடையில் மேசை மேல் சாவியை வைக்காதீர்கள், ஹோட்டல் அறையில் கதவோரம் வைக்காதீர்கள். அலையைத் தடுக்கும் சின்னப் பை விற்கிறது. வாங்கினால் சாவியை அதில் போட்டுக் காரின் பக்கத்தில் நின்று கைப்பிடியை இழுத்துப் பாருங்கள், திறந்தால் அந்தப் பை உதவாது. இருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் ஸ்டீயரிங் பூட்டுதான் எனக்கு அதிக நிம்மதி தருகிறது. இன்னொன்று, சாவியை வைத்துக்கொண்டே கைப்பிடியை இழுத்துப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க முடியாது, அது உங்களுக்காகத் திறந்துவிடும். சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்து நன்றாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இழுத்துப் பாருங்கள்.

இரண்டாவது சாவியை எடுத்துப் போவதா, வீட்டில் வைப்பதா என்று பலரும் கேட்கிறார்கள். என் முடிவு, வீட்டில்தான். இரண்டும் ஒரே கைப்பையில் இருந்து அந்தப் பை தொலைந்தால் எதுவும் மிஞ்சாது, கார் திருடு போனால் காப்புறுதிக்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பது வழக்கம். ஆனால் பூட்டிய அலமாரியில் வைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடாதீர்கள். கடப்பிதழ் கையில் இருக்கிற, அன்றைக்கு வேலை இல்லாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது என் தம்பி, உட்லண்ட்ஸில் 950 பஸ் ஏறினால் ஜொகூர் பாரு வந்துவிடுவான்.