ஆச்சி நடிக்கவில்லை: நினைவைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

தோவாளையில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி இருக்கிறார். வாழைநாரை எடுத்துப் பிச்சிப்பூ கட்ட உட்கார்ந்தால் விரல் இன்றும் பிசகுவதில்லை. ஆனால் காலையில் வந்துபோன பேரனை மதியத்துக்குள் மறந்துவிடுகிறார். "பூக்கட்டு மறக்கவில்லை, பேரன் வந்தது மட்டும் மறந்துவிட்டதா? நடிக்கிறார்" என்று வீட்டார் சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. முதியவர்களின் மறதி விஷயத்தில் நாம் செய்யும் மிகக் கொடிய தவறு இதுதான்.

எல்லா நினைவும் மூளையின் ஒரே இடத்தில் உருவாவதில்லை. இன்று நடந்ததைப் பதிய வைக்க, மூளையின் உட்பகுதியில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் வேண்டும். கைப்பழக்கத்துக்குச் சிறுமூளை உள்ளிட்ட வேறு பகுதிகள் பொறுப்பு. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு, வலிப்பைக் குறைப்பதற்காக இருபக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன்பிறகு சந்தித்த மனிதர்கள் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவருடைய கை நாளுக்கு நாள் தேறியது. முந்தைய நாள் வரைந்த நினைவே அவருக்கு இல்லை! முதுமையில் நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் அல்சைமர் நோயும் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் முதலில் தாக்குகிறது.

ஆகவே "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று ஆச்சிக்குப் பரீட்சை வைக்காதீர்கள். பெயரை நீங்களே சொல்லிக்கொண்டு அருகில் உட்காருங்கள். பூவையும் நாரையும் கையில் கொடுங்கள். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுவதும் தவறு. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு போன்றவற்றால் வரும் மறதியைச் சிகிச்சையால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் தவறு வேறு. ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசித்தால் அது பழகிய முகம்போலத் தோன்றும். தேர்வறையில் வாய்க்கு வராது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே நினைவை வலுவாக்கும். இரவு முழுக்கக் கண்விழிப்பதும் வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தில்தான் ஹிப்போகாம்பஸ் அன்றைய பாடத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்து, மூளையின் மேலடுக்கில் நிலைக்க வைக்கிறது.

இன்னொன்று, தெளிவாக நினைவிருப்பதெல்லாம் அப்படியே நடந்தது என்று நம்புவது. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலில் சுனாமி அலையைக் கண்டவர்களுக்கு அந்தக் காலை அழியாது. அச்சம் நினைவை ஆழப் பதிக்கும். ஆனாலும் நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது. அப்போது பிறர் சொன்னதும் டிவியில் பார்த்ததும் அதில் கலந்துவிடும். அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை வேறு விதமாகவும் சொன்னால், யாரையும் பொய்யர் என்று அடக்காதீர்கள். இருவரையும் தனித்தனியே பேசவிட்டு, இரண்டையும் எழுதி வையுங்கள்.