கிளினிக்குக்குப் போகுமுன் எழுத வேண்டிய இரண்டு பக்கங்கள்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, களுவாஞ்சிக்குடிக்கோ, கல்முனைக்கோ, அக்கரைப்பற்றுக்கோ மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்வருபவர்களுக்கு இது தெரிந்ததே: விடியற்காலையில் நம்பர் எடுத்து, வாங்கில் மணிக்கணக்காகக் காத்திருந்த பின்னர் வைத்தியரின் முன்னால் அமரும் நேரம் சில நிமிடங்கள்தான். சென்ற மாதம் பார்த்த வைத்தியரே இம்மாதமும் இருப்பார் என்பதும் நிச்சயமில்லை. சீனி வருத்தம், பிரஷர், இதய நோய், சிறுநீரக நோய் என்று ஆண்டுக்கணக்கில் நோயோடு வாழ்பவர், தமது வரலாற்றை அந்த நேரத்துக்குள் வாயால் ஒப்புவிக்க முயன்றால், சொல்ல வேண்டியது விடுபட்டு மற்றது நீண்டுவிடும். ஆகவே, இரண்டு பக்கங்களுக்கு மேற்படாத ஒரு குறிப்பை வீட்டிலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள். கிளினிக் கொப்பி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அக்கொப்பியில் வைத்தியர் எழுதிய மருந்து இருக்கும். நீங்கள் உண்மையில் எதை விழுங்குகிறீர்கள் என்பது அதில் இராது.

எனவே மருந்திலிருந்தே தொடங்க வேண்டும். கிளினிக்கில் தந்தவை, பாமசியில் வாங்கியவை, தனியார் வைத்தியரைச் சனல் செய்து பார்த்தபோது எழுதிக் கொடுத்தவை, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய விற்றமின்கள் என எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் உறையில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் எழுதி, எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை தடவை, எதற்காக, எப்போதிலிருந்து என்பவற்றைப் பக்கத்தில் குறியுங்கள். கிளினிக்கில் குளிசை போட்டுத் தரும் கடதாசி உறையை, குளிசை முடியும்வரை எறிய வேண்டாம்.

என் தாயாருக்கு இப்படிப் பட்டியல் எழுதிய முதல் நாளில்தான், அவர் ஒரே பிரஷர் மருந்தை இரண்டு பெயர்களில் எடுத்துவந்தது எங்களுக்குத் தெரியவந்தது. ஒன்று கிளினிக்கில் கிடைத்தது, மற்றது வெளியே வாங்கியது. பெட்டியின் நிறமும் அதில் பெரிதாக அச்சிட்டிருந்த பெயரும் வேறு. கீழே சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் இரண்டிலும் லொசார்டன்தான். எழுந்து நிற்கும்போதெல்லாம் அவருக்குத் தலை சுற்றியதை நாங்கள் வயதின் கணக்கில் எழுதியிருந்தோம்.

நாட்டு மருந்தை மறைக்க வேண்டாம். வைத்தியர் ஏசுவார் என்று பயந்து பலர் சொல்லாமல் விடுகிறார்கள். ஆனால் செந்தூரம், பற்பம் போன்றவை உலோகங்களையும் தாதுக்களையும் கொண்டு செய்யப்படுபவை ஆதலால், சிறுநீரகம் பழுதுபட்டவரைப் பார்க்கும் வைத்தியருக்கு அந்தச் செய்தி தேவை. முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக், இபுபுறூபன் போன்றவையும் அப்படியே. அவை சிறுநீரகத்தைப் பாதிக்கவும் பிரஷரை ஏற்றவும் கூடியவை. வாரத்தில் இரண்டு இரவுகள் குளிசையை மறந்துவிடுகிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால், மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்ட இடமுண்டு.

ஒவ்வாமையை முதற்பக்கத்தின் உச்சியில் சிவப்பு மையில் எழுத வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் போதாது. உடம்பில் தடித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா, அல்லது வயிற்றைப் பிரட்டியதா என்பதையும் சேர்த்து எழுதினால்தான், அது உண்மையான ஒவ்வாமையா, வெறும் பக்கவிளைவா என்று வைத்தியர் பிரித்தறிய முடியும்.

அடுத்து, நோய்கள் கண்டறியப்பட்ட ஆண்டு, வார்ட்டில் தங்கியவை, சத்திரசிகிச்சைகள். ஆண்டு நினைவில்லை என்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. 1978 சூறாவளிக்கு முன்னா பின்னா, சுனாமிக்கு எத்தனை வருடத்துக்குப் பிறகு, மூத்த மகளின் கலியாணத்துக்கு முந்தியா என்று கேட்டால் முதியவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார்கள். வார்ட்டிலிருந்து வீடு திரும்பும்போது தரும் டயக்னோசிஸ் காட் இருந்தால் அதன் பிரதியை இணையுங்கள்.

பரிசோதனை முடிவுகளில் கடைசி மூன்றை மட்டும் திகதியோடு எழுதினால் போதும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். எண்ணோடு அலகையும் எழுத மறக்கக் கூடாது. வெறும் வயிற்றுச் சீனி 126 மில்லிகிராம் என்று ஓர் ஆய்வுகூடமும் 7 மில்லிமோல் என்று இன்னொன்றும் தந்தால் இரண்டும் ஒன்றே. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியாற்றினின் 1 மில்லிகிராம் என்பது மற்ற அலகில் ஏறத்தாழ 88 மைக்ரோமோல் ஆகும். அலகைப் பாராமல் எண்ணை மட்டும் பார்த்துக் கதிகலங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். வீட்டில் பிரஷர் பார்ப்பவர்கள், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்த்த அளவுகளையே எழுத வேண்டும்.

பெற்றோர், சகோதரர்களின் நோய்கள், புகைத்தல், சாராயம், புகையிலை சேர்த்த வெற்றிலை ஆகியவற்றுக்கு இரண்டு வரிகள் போதும். நோன்பு நோற்பவர்களும் கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்களும் அதை முன்கூட்டியே எழுதினால், சீனிக் குளிசையினதும் இன்சுலினினதும் அளவையும் நேரத்தையும் வைத்தியர் மாற்றித் தர முடியும்.

இறுதியாக எழுதினாலும் முதலில் வாசிக்கக் கொடுக்க வேண்டியது, சென்ற கிளினிக்குக்குப் பின் மாறியவை. "களைப்பாக இருக்கிறது" என்பதைவிட, "முன்பு சந்தைக்கு நடந்து போய்வருவேன், இப்போது பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறேன்" என்பது வைத்தியருக்கு அதிகம் சொல்லும். அதன்கீழ் மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம். எதைக் கேட்கப் பயமாக இருக்கிறதோ அதை முதலாவதாக எழுதுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத வைத்தியராக இருக்கக்கூடும் என்றால், உயர்தரம் படிக்கும் பிள்ளையைக் கொண்டு இப்பகுதியை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுவித்து, நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று திருப்பிச் சொல்லச் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழி வெள்ளம் புகும் வீடுகளில் கடதாசி தப்பாது. ஆகையால் பக்கங்களைப் பொலித்தீன் உறையிலிட்டு உயரத்தில் வைத்து, கைத்தொலைபேசியிலும் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கும் அனுப்பிவைக்க வேண்டும். ஒரு பிரதி கதவின் பின்புறத்தில் தொங்கட்டும். இரவில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வந்து நிற்கும்போது, பக்கத்து வீட்டுக்காரரும் அதை எட்டி எடுத்துக் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.