ஹட்டனில் இருந்து லண்டனுக்கு எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

முதலில் தூரம். சுவரில் மாட்டுகிற மேப்பில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், பூமி உருண்டை என்பதால் அந்தக் கோடு ஏமாற்றும். வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் ஒரு நூலை எடுத்து, உதாரணத்துக்கு, இலங்கையில் ஒரு முனையும் டொரன்டோவில் மறுமுனையும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் நேரே மேற்கே போகாமல் இந்தியா, ரஷ்யா என்று வடக்கே ஏறி கிரீன்லாந்துப் பக்கமாக இறங்கும். அதுதான் குறுக்கு வழி, சுமார் 14,000 கிலோமீட்டர். குளோப் இல்லையா, கூகுள் மேப்ஸில் தூரம் அளக்கிற வசதியும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

அப்புறம் நேரம். கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டுங்கள். கட்டுநாயக்க எயார்போட்டில் இருந்து டுபாய் 3,300 கிலோமீட்டர், அப்படியென்றால் நாலரை மணி நேரம் வரும். லண்டன் 8,700, கிட்டத்தட்ட 11 மணி நேரம். திரும்பி வரும்போது கொஞ்சம் குறையும், ஏனென்றால் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளும். இடையில் மாறிப் போவதென்றால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, நடுவில் காத்திருக்கிற நேரத்தையும் சேருங்கள்.

நிறையப் பேர் குழம்புவது டிக்கட்டைப் பார்த்துத்தான். அதில் உள்ள நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். பகல் 1 மணிக்குக் கிளம்பி மாலை 6.30க்கு லண்டனில் இறங்கினால் ஐந்தரை மணி நேரப் பயணம் இல்லை. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால், அதையும் கூட்டினால்தான் 11 வரும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைப்பார்கள், அப்போது வித்தியாசம் நாலரைதான்.

இதெல்லாம் சரி, நம்ம மலையகத்துக் கணக்கு இனிமேல்தான். ஹட்டனில் இருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 85 கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி, கித்துல்கல, அவிசாவளை என்று வேன் போய்ச் சேர நாலு, ஐந்து மணி நேரம் ஆகிவிடும். அதாவது டுபாய்க்குப் பறக்கிற நேரம் முழுக்க ரோட்டிலேயே போய்விடும்! எயார்போட்டில் மூன்று மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும், ஆகவே லண்டன் டிக்கட் 11 மணி நேரம் என்றாலும் வீட்டு வாசலில் இருந்து 19 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இறங்கிய பிறகு குடிவரவு வரிசை வேறு.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை நம்ம பக்கம்தான் கொட்டும். மண்சரிவு வந்து ரோட்டை மூடினால் எந்தக் கணக்கும் உதவாது. அந்த மாதங்களில் காலை பிளேன் என்றால் முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் ஒரு இரவு தங்குங்கள், அங்கிருந்து எயார்போட் பக்கத்தில்தான்.