பால் பல் ஆடும்போது குழந்தையின் பயத்தைப் போக்குவது எப்படி?

ஐந்து, ஆறு வயதில் கீழ்வரிசை முன்பல் ஒன்று லேசாக ஆட ஆரம்பிக்கும். நமக்கு அது சாதாரண விஷயம். குழந்தைக்கோ தன் உடம்பிலிருந்து ஏதோ கழன்று வருகிறது என்று தோன்றும். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். இப்படிச் செய்து பாருங்கள்.

1. பல் ஆடுவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்

இதுதான் முக்கியமான படி. குழந்தையைக் கண்ணாடி முன் நிறுத்தி, பால் பற்களைச் சேர்ந்து எண்ணுங்கள். மேலே 10, கீழே 10. அப்புறம் பேச்சோடு பேச்சாக, "இந்தக் குட்டிப் பல்லுக்கு அடியில பெரிய பல் ஒண்ணு வளருது கண்ணு. அது மேல வர வர, குட்டிப் பல்லோட வேர் கரைஞ்சிடும். அப்ப அது தானா விழுந்துடும்" என்று சொல்லுங்கள். உண்மையில் நடப்பதும் இதுதான். விழுந்த பால் பல் அவ்வளவு சிறிதாக இருப்பதற்கும் அந்த வேர் கரைந்துபோனதே காரணம். 12, 13 வயதுக்குள் எல்லாப் பால் பற்களும் ஒவ்வொன்றாக விழுந்துவிடும். எல்லாம் ஒரே நாளில் விழாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பல குழந்தைகளின் உள்பயமே அதுதான்.

2. ஆடும் பல்லைக் குழந்தையிடமே விடுங்கள்

நாக்காலோ கழுவிய விரலாலோ அவர்களே ஆட்டிப் பார்க்கட்டும். நூல் கட்டிக் கதவில் இழுப்பதும், "காட்டு, பாக்கலாம்" என்று சித்தப்பாவோ மாமாவோ பிடுங்கிவிடுவதும் கண்டிப்பாக வேண்டாம். வேர் முழுதாகக் கரையாத பல்லை இழுத்தால் வலிக்கும், ரத்தமும் அதிகம் வரும். அடுத்த பல் ஆடும்போது குழந்தை உங்களிடம் சொல்லாமலே மறைக்கும்.

கடிக்க வலித்தால் இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம் போதும். பல் துலக்குவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

3. விழுந்ததும்

முதலில் உங்கள் முகம் பதறக் கூடாது. ரத்தம் கொஞ்சம்தான் வரும், எச்சிலோடு கலப்பதால் நிறையத் தெரியும். சுத்தமான பருத்தித் துணியை நனைத்து மடித்து, விழுந்த இடத்தில் வைத்து 10 நிமிடம் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல்லை விழுங்கிவிட்டால் பயமில்லை, மலத்தோடு போய்விடும். ஆனால் விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

4. பல்லை வழியனுப்புங்கள்

ஊர்ப்பக்கம் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிவார்கள். அடுக்குமாடி வீட்டில் பூந்தொட்டியில் புதைக்கலாம், சின்ன டப்பாவில் எடுத்தும் வைக்கலாம். எதுவானாலும் குழந்தையே முடிவு செய்யட்டும். தன் கையால் செய்யும்போது பயம் போய்ப் பெருமை வந்துவிடும்.

5. கிண்டலைத் தடுங்கள்

"பொக்கைவாய்" என்று செல்லமாகக் கூப்பிடுவதுகூடச் சில குழந்தைகளுக்கு வலிக்கும். சிரிக்கும்போது வாயைக் கையால் மூட ஆரம்பித்தால், வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். 'ஸ' போன்ற ஒலிகள் கொஞ்ச நாள் தடுமாறலாம், திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

6. பார்த்துப் பதற வேண்டாதவை

புதுப் பல் கொஞ்சம் மஞ்சளாக, ஓரம் ரம்பம் போல இருக்கும். அது இயல்புதான். சில சமயம் பால் பல் விழுவதற்குள் அதன் பின்னால் புதுப் பல் எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் பால் பல் தானாக விழுந்து, நாக்கு தள்ளத் தள்ளப் புதுப் பல் முன்னுக்கு வந்துவிடும். இரண்டு மாதம் ஆகியும் பால் பல் அசையாமல் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அது விழுந்து முளைக்கும் பல் இல்லை. தினமும் துலக்கும்போது பிரஷ் அதுவரை போகிறதா என்று நீங்களே பாருங்கள்.