டொராண்டோ உழவர் சந்தை: கத்தரிக்காய் ஆகஸ்ட்டில்தான் வரும்

கனடாவின் டொராண்டோவில் மே மாதம் வந்து இறங்கியவர்கள் முதல் சனிக்கிழமையே செயின்ட் லாரன்ஸ் சந்தைக்குப் போய், அரை மணி நேரத்தில் வெறுங்கையோடு திரும்புவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். முருங்கைக்காய் இல்லை, வெண்டைக்காய் இல்லை, சின்ன வெங்காயம் இல்லை. பூவும் சீஸும்தான் விற்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் திரும்பினேன். பட்டியல் எழுதிக்கொண்டு போனதுதான் தவறு. அந்த வாரம் மண் என்ன கொடுத்திருக்கிறதோ அதை வாங்கி வந்து, நமக்குத் தெரிந்த கூட்டு, பொரியல், கடையல், துவையலில் எது அதற்குப் பொருந்தும் என்று யோசிக்க வேண்டும். முருங்கைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் நகரின் ஸ்கார்பரோ பகுதித் தமிழ்க் கடைகள் இருக்கவே இருக்கின்றன.

அந்தச் சந்தை 1803 முதல் நடக்கிறது. உழவர்கள் வருவது சனிக்கிழமை மட்டும். கிங் சப்வே நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. காலை எட்டு மணிக்குள் போனால் கீரை வாடாமல் கிடைக்கும். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் வாங்கிப் பழகியவர்களுக்கு ஏற்பாடு உடனே புரிந்துவிடும்: விளைவித்தவரே விற்கிறார். ஆனால் பேரம் பேசும் வழக்கம் இல்லை, கொசுறும் கிடையாது. விலை பவுண்டுக்கு எழுதியிருப்பார்கள். ஒரு பவுண்டு 454 கிராம். கிலோ விலை என்று எண்ணிக்கொண்டு மகிழ்ந்துவிடாதீர்கள்.

ஒரு கடையில் எலுமிச்சையும் வாழைப்பழமும் அடுக்கியிருந்தால் அவை மொத்தச் சந்தையில் வாங்கி வந்தவை. இந்த ஒன்டாரியோ மாகாண வயலில் வாழை ஏது? அதையே வாங்குவதென்றால் வீட்டருகே உள்ள கடையில் வாங்கலாம். உங்கள் தோட்டத்தில் விளைந்ததா என்று தயங்காமல் கேளுங்கள். சொந்தமாகப் பயிரிட்டவர் விதைத்த கதையிலிருந்து ஆரம்பிப்பார். கறந்த பால் கிடைக்குமா என்று மட்டும் கேட்க வேண்டாம். காய்ச்சாத பாலை விற்பது கனடாவில் சட்டவிரோதம்.

மே மாதத்தில் செலரி போல நீண்டு, சிவப்பும் பச்சையுமாக ஒரு தண்டு குவிந்திருக்கும். பெயர் ருபார்ப். இங்கே அதில் சர்க்கரையைக் கொட்டி இனிப்பு செய்கிறார்கள். ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள், புளிச்சகீரை நினைவுக்கு வரும். நான் செய்வது கடையல். அரை டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூள் சேர்த்துக் குக்கரில் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டுகளை விரல் பருமனுக்கு நறுக்கி, நல்லெண்ணெயில் பூண்டு, பச்சைமிளகாயோடு வதக்கினால் ஏழெட்டு நிமிடத்தில் தானே கரைந்து கூழாகிவிடும். பருப்பைச் சேர்த்து, உப்புப் போட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது, புளி வேண்டாம். பருப்பையும் தண்டையும் ஒன்றாகக் குக்கரில் போட்டால் புளிப்புக்குப் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது.

ருபார்ப் இலை நஞ்சு. ஆக்சாலிக் அமிலம் மிகுந்தது. சந்தையில் பெரும்பாலும் வெட்டிவிட்டுத்தான் விற்கிறார்கள், ஆனால் பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து இலையோடு கொண்டுவந்து தருவார்கள். இலை என்றாலே நமக்குக் கீரைதானே. அதனால்தான் சொல்கிறேன், தூக்கி எறிந்துவிடுங்கள்.

பீட்ரூட் கதை நேர்மாறு. எடை போடுமுன் இலையை வெட்டிவிடட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். கிழங்கு பொரியலுக்கு, இலையும் தண்டும் பாசிப்பருப்புக் கூட்டுக்கு. ஒரே கட்டில் இரண்டு வேளைக் குழம்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. நூல்கோலையும் இலையோடுதான் விற்பார்கள், அதுவும் அப்படியே.

கேல் என்ற முரட்டுக் கீரையைப் பார்த்து நான் பயந்து ஒதுங்கியிருந்தேன். எங்கள் அடுக்குமாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்தான் வழி காட்டினார். நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு, இலைகளைச் சுருட்டி, நூல் போல அரிந்தார். வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கியதும் கீரை, தேங்காய்ப்பூ, மஞ்சள், உப்பு. மூன்று நிமிடம்தான் அடுப்பில். இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, பிழிந்தார். அவருக்கு அது வறை, எனக்குப் பொரியல். எங்கள் வீட்டில் இப்போது வறை என்றே சொல்கிறோம்.

தாளிப்பதற்கு முன் சன்னலைத் திறந்து, அடுப்பின் மேலுள்ள விசிறியை ஓடவிடுங்கள். காய்ந்த மிளகாய் நெடிக்குப் புகை எச்சரிக்கை மணி அலறும் வீடுகள் இந்த ஊரில் நிறைய.

ஜூனில் சுருள் சுருளாகப் பூண்டுத் தண்டு வரும், துவையலுக்கு அருமை. ஜூலையில் சுக்கினி மலிந்து கிடக்கும். சுரைக்காய் போலச் சமைக்கலாம், ஆனால் குக்கரில் வைத்தால் தேடினாலும் கிடைக்காது. இனிப்புச் சோளத்தை வாங்கிய அன்றே அவித்துவிட வேண்டும், நாள் ஆக ஆக இனிப்பு மாவாகிவிடும். நாம் காத்திருந்த கத்தரிக்காய், வெண்டைக்காய், மிளகாய் எல்லாம் ஆகஸ்ட்டில்தான் தலைகாட்டும். ஜமைக்கா மக்கள் காலலூ என்று வாங்குவது தண்டுக்கீரை வகைதான். அந்தப் பெயரில் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ஆகஸ்ட் தக்காளியில் வைக்கும் ரசத்துக்கு நான் புளியைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.

அக்டோபரில் உறைபனிக்குப் பயந்து உழவர்கள் செடியில் இருக்கும் பச்சைத் தக்காளியை எல்லாம் பறித்துக் கொண்டுவந்துவிடுவார்கள். வாங்குபவர் குறைவு, விலையும் குறைவு. நான் ஒரு பெட்டியே வாங்குவேன். பாதியை உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாயோடு வதக்கித் துவையலாக அரைத்துவிடுவேன். மீதியை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிவைத்தால், நவம்பர் நடுவரை இரண்டு மூன்றாகப் பழுத்துக்கொண்டிருக்கும்.